கயிறு எரியும் நேரம்

இரவுப் பணி மருந்துக்கடையில்
கம்பி வைத்த சின்ன ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம்.
புன்டா அரேனாஸின் அக்டோபர் காற்று
கதவைத் திறந்தால் உள்ளே வந்து கணக்கு கேட்கும்.

கல்லாவுக்குக் கீழே, முழங்கால் மேல் கைப்பேசி.
என் கட்டில் முப்பது சீட்டு.
ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.
ஓரம் மடங்காது, காப்பிக் கறை படியாது,
தோற்ற கோபத்தில் விசிறி எறியவும் முடியாது.
ஏழுகொம்பு ஆடு வேண்டுமென்று
பதினொரு சீட்டுகளை உடைத்துத் தூசாக்கினேன்.
அந்தத் தூசுக்கு எடை கிடையாது.
ஆனாலும் அழுத்தும்போது விரல் கொஞ்சம் தயங்கியது.

நேற்று எதிரில் வந்த பெயர் ஈரக்குடை40.
எந்த நாடு, ஆணா பெண்ணா, அங்கே பகலா,
தெரியாது.
இந்த ஆட்டத்தில் பேச ஆறே ஆறு சொல்:
வணக்கம். நன்றி. ஐயோ. அபாரம்.
யோசிக்கிறேன். மன்னிக்கவும்.
ரெனாட்டோவோடு நான்கு வருஷம்
இதைவிடக் குறைவில் ஓட்டியிருக்கிறேன்.

எட்டாவது சுற்றில் என் உயிர் மூன்று.
அந்தப் பக்கம் உப்புக் காவலன், இரண்டு ஓநாய்.
எனக்குக் குறுக்கே நிற்க ஓர் ஆமைகூட இல்லை.
நேரம் தீரப்போகிறதென்று
திரையின் நடுவில் கயிறு பற்றிக்கொண்டது.
இடமிருந்து வலமாக எரியும், திரியைப் போல.
அப்போது ஜன்னலில் தட்டினார்கள்.

நெரிதா ஒயார்சூன். கையில்
பிறந்து பதினைந்து நாளான பிள்ளை, நெருப்பாய்ச் சுட்டது.
சொட்டு மருந்து கேட்டாள்.
மருந்து இல்லை, மருத்துவமனைக்குப் போ என்றேன்.
எப்படி என்றாள்.
மிலென்கோவின் டாக்ஸிக்கு ஃபோன் போட்டேன்.
"யாஸ்னா, காற்றில் கார்க் கதவே திறக்கவில்லை" என்றான்.
"உதைத்துத் திற" என்றேன்.
சிவப்பு விளக்கு முனை திரும்பும்வரை நின்றேன்.

பிறகுதான் ஆட்டம் நினைவுக்கு வந்தது.
இரண்டு முறை என் கயிறு எரிந்து முடிந்திருந்தது.
உயிர்? அதே மூன்று.
ஓநாய்கள் படுத்திருந்தன. காவலன் ஈட்டியைத் தூக்கவே இல்லை.
ஈரக்குடையின் தலைக்கு மேல் ஒரே ஒரு குமிழி:
யோசிக்கிறேன்.

யோசிக்க அங்கே ஒன்றும் இல்லை.
சின்னப் பையன்கூட முடித்திருப்பான்.

நன்றி என்று அழுத்தினேன்.
அடுத்து இழுத்த சீட்டு ஆடு.
இறக்கினேன், ஏழு கொம்போடு.

இப்போது அந்தப் பக்கத்துக் கயிறு பற்றியது.
எரிந்தது. முடிந்தது. அசைவில்லை.
அடிக்காமல் முறையைத் தள்ளினேன்.
மறுபடியும் எரிந்தது.
அங்கும் யாரோ ஜன்னலைத் தட்டியிருக்கலாம்.
தூங்கிப் போயிருக்கலாம்.
பேருந்து சுரங்கத்துக்குள் நுழைந்திருக்கலாம்.
மறுபடியும் தள்ளினேன்.

ஈரக்குடையின் உயிர் ஐந்து.
விடிந்தால் பருவம் முடிகிறது.
தங்கப் படிக்கு எனக்கு ஒரு நட்சத்திரம் பாக்கி.
மூன்றாவது கயிறும் எரிந்து தீர்ந்தபோது
மன்னிக்கவும் என்று அழுத்தினேன்.
ஆளில்லாத வீட்டில் அது மேலெழுந்து மறைந்தது.
ஆட்டை ஏவினேன்.

பரிசுப் பொட்டலத்தில் ஐந்து சீட்டு.
நான்கு ஏற்கெனவே என்னிடம் இருப்பவை.
ஐந்தாவது, பளபளவென்று, ஆமை.

நண்பர் பட்டியலில் இல்லாதவரைத் தேட
இதில் வழி வைக்கவில்லை.
ஒயார்சூனின் பிள்ளைக்கு என்ன ஆயிற்றென்றும்
யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

காலை ஏழு மணி. ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தேன்.
காற்றுக் காலத்தில் எங்கள் தெருமுனைகளில்
நிஜக் கயிறு கட்டியிருப்பார்கள், பிடித்துக்கொண்டு கடக்க.
எதிரே ஒரு பையன், கக்கத்தில் ரொட்டிப் பை,
அதே கயிற்றைப் பிடித்தபடி என்னை நோக்கி.
இரண்டு பேரும் நின்றோம்.
யாராவது ஒருவர் கையை விட வேண்டும்.

விட்டேன்.
காற்று மூன்று எட்டு பக்கவாட்டில் தள்ளியது.
தொப்பி போயே போய்விட்டது.
பையன் கடந்து போகையில் நன்றி என்றான்.

அந்த ஆறில் அதுவும் ஒன்று.